இலை போட்ட பிறகு வரும் பசி

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கேட்டவருக்கு வயது 39. மணமாகி 14 ஆண்டுகள், இரண்டு பிள்ளைகள். கணவர் நல்லவர், குடிப்பழக்கம் கிடையாது, கை நீட்டியதில்லை. ஆனால் கடந்த ஒன்றரை ஆண்டில் உடலுறவு விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கிவிட்டது. "எனக்கு ஆசை என்ற ஒன்றே வருவதில்லை. அவர் தோளில் கை வைத்தாலே உடம்பு இறுகிப்போகிறது. இப்போது அவரும் கேட்பதை விட்டுவிட்டார். அண்ணன் தங்கை போல வாழ்கிறோம். என்னிடம் என்ன குறை? ஏதாவது மாத்திரை இருக்கிறதா?"

திருச்சியில் 22 ஆண்டுகளாக மகப்பேறு மருத்துவராக இருக்கிறேன். இந்தக் கேள்வியை இவ்வளவு நேராகக் கேட்பவர்கள் குறைவு. வெள்ளைப்படுகிறது என்று வருவார்கள், இடுப்பு வலி என்று வருவார்கள். மருந்துச் சீட்டை வாங்கி மடித்துப் பையில் வைத்த பிறகு, கதவுப்பிடியில் கையை வைத்துக்கொண்டு, "இன்னொன்று டாக்டர்..." என்று இழுப்பார்கள். அந்த இன்னொன்றுக்காகத்தான் இரண்டு மணி நேரம் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள்.

மாத்திரையை முதலில் முடித்துவிடுகிறேன். மாதவிடாய் முற்றாக நிற்கும் வயதை இன்னும் எட்டாத பெண்களின் ஆசைக்குறைவுக்கென்று ஃபிளிபான்செரின் என்ற மாத்திரைக்கு 2015-இல் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள். நாள்தோறும் விழுங்க வேண்டும். தலைசுற்றல், தூக்கக் கலக்கம், இரத்த அழுத்தம் இறங்குதல் எல்லாம் உண்டு. பலன், மாதத்துக்குக் கூடுதலாக அரை முதல் ஒரு நல்ல அனுபவம். அரை நல்ல அனுபவம் எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள், சராசரிக் கணக்கு அப்படித்தான் வரும். நான் அதை எழுதிக் கொடுப்பதில்லை.

அடுத்தது குறை. 1966-இல் அமெரிக்காவில் வில்லியம் மாஸ்டர்ஸ், வர்ஜினியா ஜான்சன் இருவரும் உடலுறவின்போது உடம்பில் நடப்பதை ஆய்வகத்தில் அளந்து நான்கு கட்டங்களாகப் பிரித்தார்கள். கிளர்ச்சியில் தொடங்கி, உச்சம் தொட்டு, தணிவதில் முடியும் வரிசை அது. பின்னால் பாலியல் சிகிச்சை நிபுணர் ஹெலன் சிங்கர் கப்லான் அதற்கு முன்னால் 'ஆசை' என்ற கட்டத்தைச் சேர்த்தார். நாங்கள் படித்த பாடமும் அதுதான்: ஆசை முதலில், மற்றவை பிறகு. இந்த வரிசையில் பார்த்தால் ஆசை வராத பெண் தொடக்கத்திலேயே பழுதானவள். 2000-இல் கனடாவைச் சேர்ந்த மருத்துவர் ரோஸ்மேரி பேசன் இந்த வரிசையைக் கேள்வி கேட்டார். நீண்ட கால உறவில் இருக்கும் பெண்களில் நிறையப் பேருக்கு ஆசை முதலில் வருவதில்லை. நெருக்கமாக இருக்கலாம் என்று மனம் இசைகிறது, தொடுகை தொடங்குகிறது, உடம்பு மெல்ல இளகுகிறது, அதற்குப் பிறகுதான் ஆசை வந்து சேர்கிறது என்றார்.

இதை என்னிடம் வருபவர்களுக்குச் சாப்பாட்டை வைத்துத்தான் விளக்குவேன். வயல் வேலை முடித்து வருகிறவரின் பசி ஒரு வகை. தானாக வரும், அடுப்படிக்கே இழுத்துக்கொண்டு போகும். கல்யாணப் பந்தியில் வருவது வேறு வகை. மண்டபத்துக்குள் நுழையும்போது "எனக்குப் பசியே இல்லை" என்போம். இலை விழுந்து, தண்ணீர் தெளித்து, ஓரத்தில் உப்பும் மாங்காய் ஊறுகாயும் வந்து, சாம்பாரின் ஆவி முகத்தில் படும்போது வயிறு விழித்துக்கொள்ளும். இரண்டாம் தடவை ரசத்துக்குக் கையைக் குவிக்கும்போது, பசியில்லை என்று சொன்னது நாம்தானா என்றிருக்கும். மணமான புதிதில் பலருக்கும் முதல் வகைப் பசி. ஆண்டுகள் போகப்போக, பெண்களில் நிறையப் பேருக்கும் ஆண்களில் சிலருக்கும் இரண்டாவது வகைதான் தங்குகிறது. ஆசை வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று அவர்கள் காத்திருந்தால் அந்த நாள் வராது. உங்கள் கடிதத்தைப் படித்தவரை நீங்கள் இந்த வகை என்றே நினைக்கிறேன்.

உடனே ஒன்றைச் சொல்ல வேண்டும். மனமில்லாவிட்டாலும் இணங்கிப் போங்கள், போகப்போகச் சரியாகிவிடும் என்று இதற்குப் பொருள் சொல்லிவிடாதீர்கள். இலை முன்னால் உட்கார்வது உங்கள் விருப்பம். பந்தியில் பாதியில் எழுவது மரியாதையில்லை என்பார்கள். படுக்கையில் அந்த மரியாதையெல்லாம் கிடையாது. எந்தக் கட்டத்திலும் எழுந்துவிடலாம் என்ற உறுதி இருந்தால்தான் உட்காரவே தைரியம் வரும். இன்னொரு பெண்ணும் இதைப் படிக்கலாம் என்பதால் சொல்கிறேன்: கணவர் வற்புறுத்துகிறவராகவோ அடிக்கிறவராகவோ இருந்தால் இந்தப் பதில் எதுவும் பொருந்தாது. அதற்கு 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது.

சரி, இலை முன்னால் உட்கார்ந்தும் பசி வராவிட்டால்? ஜான் பேங்க்ராஃப்ட், எரிக் யான்சென் என்ற ஆய்வாளர்கள் அமெரிக்காவில் பாலியலை ஆராயும் கின்சி நிறுவனத்தில் உருவாக்கிய விளக்கம் இங்கே உதவும். மூளையில் காமத்தைக் கிளப்பும் ஏற்பாடு ஒன்று, அடக்கும் ஏற்பாடு ஒன்று, இரண்டும் தனித்தனியாக இயங்குகின்றன என்றார்கள். ஆக்சிலரேட்டரும் பிரேக்கும் போல. ஆசை இல்லை என்று வருகிறவர்கள் எல்லோரும் ஆக்சிலரேட்டரைத்தான் சந்தேகப்படுகிறார்கள். முருங்கைக்காய் சாப்பிடலாமா, புது நைட்டி வாங்கலாமா என்று கேட்கிறார்கள். நான் பார்த்தவரை பத்தில் எட்டு வீடுகளில் ஆக்சிலரேட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. பிரேக்கின் மேல் யாரோ காலை வைத்து அழுத்திக்கொண்டிருக்கிறார்கள்.

இரவு பத்தே முக்கால் மணி. பாத்திரம் கழுவியாயிற்று. மாவை வழித்து மூடி வைத்தாயிற்று. சின்னவனின் சீருடையில் பொத்தான் தைத்து, பெரியவளின் தேர்வு அட்டவணையைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியாயிற்று. மாமியாரின் இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துபோனது நினைவுக்கு வருகிறது. அந்த நேரத்தில் கணவரின் கை தோளில் விழுகிறது. அது அன்போடு விழுந்த கைதான். உங்கள் உடம்புக்கு மட்டும் "இன்னும் ஒரு வேலை பாக்கி" என்று கேட்கிறது. அவர் அதுவரை கூடத்தில் செல்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்றால் பிரேக் இன்னும் ஆழமாக இறங்கும். வீட்டு வேலையைப் பகிர்வதைப் பெண்ணுரிமை என்று பேசினால் சில கணவர்கள் முகம் சுளிக்கிறார்கள். படுக்கையறை மருத்துவம் என்று சொன்னால் காது கொடுக்கிறார்கள். எந்தப் பெயரில் என்றாலும் எனக்குச் சம்மதம்.

அடையாளங்களை மாற்றி ஒரு தம்பதியைப் பற்றிச் சொல்கிறேன். மணமாகிப் பதினோரு ஆண்டுகள். மனைவிக்கு விருப்பமில்லை, கணவருக்குக் கோபம். தைராய்டு பார்த்தாயிற்று, எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை. மூன்றாவது முறை வந்தபோது வீட்டை வரைந்து காட்டச் சொன்னேன். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் கணவர் வரைந்தார்: ஒரு கூடம், ஒரு அறை, சமையலறை. அறையில் ஒரே கட்டில்; அதில் நடுவில் எட்டு வயதுப் பையன். கூடத்தில் மாமனாரும் மாமியாரும். கழிப்பறைக்கு அறை வழியாகத்தான் போக வேண்டும். "அறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா?" என்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கதவு போட்ட நாளிலிருந்து கிடையாது. பதினோரு ஆண்டுகளாக அந்தப் பெண் ஒரு காதைக் கதவில் வைத்துக்கொண்டே கணவரோடு இருந்திருக்கிறார். கழிப்பறைக்குக் கூடத்துப் பக்கம் வழி திறக்க ஒரு கொத்தனார், அறைக்கு ஒரு தாழ்ப்பாள், பையனுக்குக் கூடத்தில் தாத்தா பக்கத்தில் ஒரு மெத்தை. நான் எழுதிக் கொடுத்த சிகிச்சை இவ்வளவுதான். கட்டில் கிறீச்சிடுகிறது என்றார்கள். பாயை விரித்துத் தரையில் படுங்கள் என்றேன்.

உங்கள் வீட்டில் பிரேக் எது என்று எனக்குத் தெரியாது. ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை நிறுத்தியது. தோளில் கை வைத்தாலே உடம்பு இறுகுகிறது என்கிறீர்கள். இது எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒரு கட்டத்தில் தொடுகை எல்லாம் ஒரே பொருள் கொண்டதாகிவிடுகிறது. சமையலறையில் இடுப்பைத் தொட்டால் இரவுக்கு அச்சாரம். அதனால் நீங்கள் சமையலறையிலேயே விலகிக்கொள்கிறீர்கள். அவரும் தள்ளிவிடுவாளோ என்று கையை இழுத்துக்கொள்கிறார். தலைமுடியைக் கோதுவது, பஸ்ஸில் தோளில் சாய்ந்து தூங்குவது, காய்ச்சலில் நெற்றியில் கை வைப்பது, எல்லாம் போய்விடுகிறது. உடலுறவு குறைந்ததைவிட இது பெரிய இழப்பு என்பது என் அபிப்பிராயம்.

இதற்கு ஒரு பயிற்சி உண்டு. மாஸ்டர்ஸ், ஜான்சன் 1970-இல் வெளியிட்டது, இன்றும் உலகம் முழுக்கப் பாலியல் சிகிச்சையில் பயன்படுகிறது. முதல் விதியைக் கேட்டதும் கணவர்கள் திடுக்கிடுவார்கள்: அடுத்த சில வாரங்களுக்கு உடலுறவு கிடையாது. இருவரும் ஒப்புக்கொண்டு, வாய்விட்டுச் சொல்லி, தடை போட்டுக்கொள்ள வேண்டும். வாரத்துக்கு இரண்டு நாள், அரை மணி நேரம், செல்பேசி வேறு அறையில். ஒருவர் படுத்திருக்க மற்றவர் தொடுகிறார். முதுகு, கை, பாதம், கழுத்து, முகம். மார்பும் பிறப்புறுப்பும் முதல் கட்டத்தில் இல்லை. தொடுகிறவர் எதிராளியை மகிழ்விக்க முயல வேண்டாம், தோலின் சூட்டையும் சொரசொரப்பையும் கவனித்தால் போதும். படுத்திருப்பவருக்கு ஒரே கடமை: பிடிக்காததைச் சொல்வது. பத்துப் பதினைந்து நிமிடம் ஆனதும் மாறிக்கொள்ள வேண்டும். கிளர்ச்சி வந்தால் வரட்டும், அதை எங்கும் கொண்டுபோக வேண்டியதில்லை. சில வாரங்களுக்குப் பிறகு மார்பும் பிறப்புறுப்பும் சேரும். அப்போதும் கலவி இல்லை.

செயற்கையாகத் தோன்றும். முதல் நாள் சிரிப்பு வரும், கூச்சமாக இருக்கும், ஒருவருக்குத் தூக்கம் வரும். பரவாயில்லை. இந்தத் தடையின் சூட்சுமம், தொடுகைக்கும் இரவுக்கும் இருந்த முடிச்சை அவிழ்ப்பதில் இருக்கிறது. கை விழும்போது "இது எதில் போய் முடியுமோ" என்ற கணக்கு உடம்புக்கு இல்லாமல் போகிறது. தடையை மீறிவிட்டோம் டாக்டர் என்று குற்றவாளி முகத்தோடு வருகிறவர்கள் நிறைய. இருவரும் விரும்பி மீறியிருந்தால் நான் திட்டுவதில்லை.

கேட்கத் தயங்கும் ஒரு கேள்வியையும் கேட்டுவிடுகிறேன். முன்பு, எல்லாம் நன்றாக நடந்துகொண்டிருந்த காலத்தில், உங்களுக்கு உச்சம் கிடைத்ததா? என் அறையில் இதைக் கேட்டால் அதிகம் கிடைக்கும் பதில், "அவருக்கு முடிந்ததும் முடிந்துவிடும்" என்பதுதான். அமெரிக்காவில் 52,000-க்கும் மேற்பட்டோரிடம் கேட்ட ஓர் ஆய்வில், பெண்ணோடு உறவுகொள்ளும் ஆண்களில் 95 சதவீதம் பேர் வழக்கமாக உச்சம் அடைவதாகச் சொன்னார்கள். ஆணோடு உறவுகொள்ளும் பெண்களில் 65 சதவீதம். பெண்ணோடு பெண் உறவுகொள்ளும்போது அது 86. பெண் உடம்பே அப்படித்தான் என்ற சமாதானத்தை அந்த 86 உடைத்துவிடுகிறது. பெரும்பாலான பெண்களுக்கு உச்சம் வருவது, யோனிவாயிலுக்கு மேலே இருக்கும் உணர்ச்சி மிகுந்த உறுப்பான கிளிட்டோரிஸ் தூண்டப்படுவதால். உள்ளே நுழைவது மட்டும் பலருக்குப் போதாது. அந்த உறுப்பின் பெரும்பகுதி உடலுக்குள் இருக்கிறது என்பதை ஆஸ்திரேலியாவின் ஹெலன் ஓகானல் 1998-இல் உடற்கூறு ஆய்வில் விரிவாகக் காட்டினார். மனிதன் நிலவில் நடந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து! கணவர்களுக்குத் தெரியவில்லை என்று எப்படிக் குறை சொல்வது, எங்கள் பாடப்புத்தகத்துக்கே தெரியவில்லை. ஆனால் பதினான்கு ஆண்டுகளாக ருசியில்லாமல் பரிமாறப்பட்ட சாப்பாட்டுக்குப் பசிக்கவில்லை என்றால் வயிற்றைக் குறை சொல்ல மாட்டேன். எங்கே, எவ்வளவு மெதுவாக, எவ்வளவு நேரம் என்பது உங்களுக்கே தெரியாவிட்டால் தனியாக இருக்கும்போது உங்கள் கையால் தெரிந்துகொள்ளுங்கள். அதில் பாவமும் இல்லை, உடம்புக்குக் கேடும் இல்லை. பிறகு அவர் கையைப் பிடித்துக் காட்டுங்கள். வாயால் சொல்வதைவிட அது எளிது.

உடம்பையும் ஒருமுறை சோதித்துவிட வேண்டும். உடலுறவின்போது வலி இருக்கிறதா? இருந்தால் மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு முதலில் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். வலிக்கிற இடத்துக்கு ஆசை வராது, வரவும் கூடாது. பால் கொடுக்கும் காலத்திலும் மாதவிடாய் நிற்கும் காலத்தை ஒட்டியும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவதால் யோனி வறண்டுபோகும். மருந்துக்கடையில் தண்ணீர் சார்ந்த வழவழப்பு ஜெல் கிடைக்கிறது. வாங்கக் கூச்சமாக இருந்தால் கணவரை அனுப்புங்கள். தேங்காய் எண்ணெய் போதாதா என்று கேட்பவர்களுக்கு: ஆணுறை பயன்படுத்துகிறீர்கள் என்றால் கூடாது, எண்ணெய் பட்டால் ரப்பர் கிழிந்துவிடும். ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இரத்தச் சோகையோடு நாளெல்லாம் நிற்கும் பெண்ணுக்கு இரவில் தேவைப்படுவது தூக்கம். மன அழுத்தத்துக்கு செர்ட்ரலின், எஸ்சிடாலோபிராம் போன்ற மாத்திரைகள் சாப்பிடுகிறீர்களா? அவை ஆசையையும் உச்சத்தையும் மந்தப்படுத்தலாம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிக் கொடுத்தவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றுவார்.

உங்கள் கணவர் கேட்பதை விட்டுவிட்டார் என்கிறீர்கள். மனம் நொந்து விட்டிருக்கலாம். ஆனால் நாற்பதைத் தாண்டிய ஆண் சத்தமில்லாமல் ஒதுங்கினால் எனக்கு இன்னொரு சந்தேகமும் வரும்: விறைப்பில் தடுமாற்றம். அதை மனைவியிடம் சொல்வதைவிட ஆர்வமில்லாதவர் போல் இருந்துவிடுவது அவர்களுக்கு எளிது. சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், புகை மூன்றும் இதற்குக் காரணமாகலாம். ஆண்குறிக்குப் போகும் இரத்தக்குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிடக் குறுகலானவை. அதனால் அடைப்பு முதலில் அங்கே தெரியும். நெஞ்சுவலி சில ஆண்டுகள் கழித்து வரலாம். ஆகவே இது மானப் பிரச்சினை என்று மறைக்க வேண்டியது இல்லை, இதய மருத்துவர் தெரிந்துகொள்ள வேண்டியது. 1998-இல் வந்த சில்டெனாஃபில் நல்ல மருந்துதான். ஆனால் நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுகிறவர் அதைத் தொட்டால் இரத்த அழுத்தம் அபாயமாகச் சரிந்துவிடும், கடையில் கேட்டு வாங்கும் பொருள் அல்ல. ஊர் ஊராக லாட்ஜில் அறை எடுத்து, தேதி போட்டு விளம்பரம் செய்து, சிறுவயதுப் பழக்கத்தால் நரம்பு தளர்ந்துவிட்டது என்று பயமுறுத்திப் பணம் பறிப்பவர்களிடம் போகவே வேண்டாம். விந்து போனால் பலம் போய்விடும் என்ற இந்தப் பயத்தையே ஒரு நோயாக 1960-இல் மனநல மருத்துவர் என்.என். விக் விவரித்து 'தாத்' என்று பெயரும் வைத்துவிட்டார்.

எத்தனை முறை என்பதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் கடிதம் முழுக்க அந்த எண்ணிக்கைதான் ஓடுகிறது. உளவியல் ஆய்வாளர் ஆமி மியூஸும் அவரோடு சேர்ந்தவர்களும் 30,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களின் தரவுகளைப் பார்த்தபோது, வாரம் ஒருமுறை வரை மகிழ்ச்சி கூடுவதும், அதற்கு மேல் எண்ணிக்கை கூடினாலும் மகிழ்ச்சி கூடாததும் தெரிந்தது. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் இன்னும் வேடிக்கையான சோதனை நடந்தது. 64 தம்பதிகளில் பாதிப் பேரிடம், மூன்று மாதங்களுக்கு உங்கள் எண்ணிக்கையை இரட்டிப்பாக்குங்கள் என்றார்கள். எண்ணிக்கை கூடியது, மகிழ்ச்சி கூடவில்லை, சற்றே குறைந்தது. ஆசையும் குறைந்தது. வீட்டுப்பாடம் போல் செய்தால் வேறென்ன ஆகும்? வாரம் ஒருமுறை என்பதையும் இலக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். மாதம் ஒருமுறை இருந்து நிறைவாக இருக்கும் தம்பதிகளை நான் பார்த்திருக்கிறேன். எப்போதோ ஒருமுறை என்று இருவரும் சந்தோஷமாக ஒதுங்கிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு என் அறையில் வேலையில்லை. உங்களுக்கு அது உறுத்துகிறது, எழுதியிருக்கிறீர்கள். அதுவே ஒரு நல்ல அறிகுறி.

இனி அவரிடம் எப்படிப் பேசுவது? படுக்கையில் பேசாதீர்கள். நேருக்கு நேர் உட்கார்ந்தும் வேண்டாம், விசாரணை போல் ஆகிவிடும். நம் ஊரில் இதற்கென்றே ஸ்கூட்டர் இருக்கிறது. பின்னால் உட்கார்ந்தால் முகம் பார்க்க வேண்டியதில்லை, கண் கலங்கினாலும் தெரியாது. என்னிடம் வந்த ஒருவர் முக்கொம்பு போகும் வழியில்தான் கணவரிடம் சொன்னாராம்: "உங்கள் மேல் எனக்கு வெறுப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இல்லை. நீங்கள் கேட்டு, நான் மறுத்து, உங்கள் முகம் வாடிவிடுமோ என்ற பயத்தில்தான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கிறேன்." அவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டாராம். இதைவிட நல்ல வாக்கியம் என்னிடம் இல்லை, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். தனியாகப் பேச முடியாவிட்டால் பாலியல் சிகிச்சையில் பயிற்சி பெற்ற மனநல மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ இருவரும் சேர்ந்து போங்கள். ஒருவர் மட்டும் போனால் வேலை பாதியில் நின்றுவிடும்.

தாழ்ப்பாள் தம்பதியில் அந்தப் பெண் சென்ற ஐப்பசியில் வேறு எதற்கோ வந்திருந்தார். சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, இந்த முறை நான் இழுத்தேன்: "இன்னொன்று... தாழ்ப்பாள் எப்படி இருக்கிறது?" அவர் சிரித்துவிட்டார். "மழையில் கதவு உப்பிக்கொண்டுவிட்டது டாக்டர், தாழ் விழமாட்டேன் என்கிறது. நாளைக்கே ஆசாரி வந்தாக வேண்டும் என்று அவர் காலையிலிருந்து போன் மேல் போன் போட்டுக்கொண்டிருக்கிறார்."